இருநூற்றுப் பதினொரு புனைபெயர்கள்

என் தங்கை நாவலாசிரியை. முப்பத்தொரு வருடம் ஏழாம் வகுப்புக்கு மொழிப்பாடம் நடத்தியவள். இவற்றில் எது தொழில், எது பொழுதுபோக்கு என்று யாராவது கேட்டால், "ரெண்டுலயும் சிவப்பு மைதான் அதிகம் செலவாகுது" என்பாள். அவள் போன பிறகு அவளுடைய காகிதங்களை இலக்கிய ஆவணக் காப்பகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். ஆகவே அதன் பிறகு நடந்த எல்லாவற்றுக்கும் பொறுப்பு என்னுடையது. பொறுப்பைத் தட்டிக் கழிக்கிற வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை.

எடை அளவுத் துறையில் முத்திரை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கடைக்காரர்களின் தராசையும் படிக்கல்லையும் சோதித்து முத்திரை வைப்பது வேலை. முப்பத்தாறு வருடத்தில் ஐந்து கிராம் குறைந்த படிக்கல் ஒன்றுக்குக்கூட நான் கையெழுத்துப் போட்டதில்லை. இதைப் பெருமைக்காகவே சொல்கிறேன்.

மருத்துவமனையில் அவள் என்னிடம் கடைசியாகத் தெளிவாகப் பேசியது இது: "அண்ணா, பச்சைப் பெட்டில இருக்கறது முடிஞ்சுபோச்சு. வலது மூலைல பக்க நம்பர் போட்டிருக்கேன். வரிசையை மாத்திடாதீங்க."

ஐந்து நாவல் வெளியிட்டவள். இது ஆறாவது. வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்து எண்ணினேன். இருநூற்றுப் பன்னிரண்டு தாள். படிக்கவில்லை. அடுத்தவர் எழுதி வைத்ததை அவர் கொடுக்காமல் படிக்கிற வழக்கமும் எங்கள் குடும்பத்தில் இல்லை.

அந்தத் தாள்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வகுப்பில் அவளுக்கு ஒரு சட்டம் உண்டு. கட்டுரையை ஒரே தாளில், ஒரே பக்கத்தில் எழுத வேண்டும். பின்பக்கத்தில் பேனா பட்டால் ஒரு மதிப்பெண் போய்விடும். தலைமையாசிரியர் இதை ஒழுக்கம் என்று நினைத்து ஆண்டு விழாவில் பாராட்டிப் பேசினார். உண்மை என்னவென்றால், காசு கொடுத்து வெள்ளைக் காகிதம் வாங்க அவளுக்குக் கை வராது. பிள்ளைகள் திரும்ப வாங்கிக்கொள்ளாத கட்டுரைத் தாள்களை வருடக்கணக்கில் சேர்த்து வைத்திருந்தாள். ஓய்வு பெற்றதும் அவற்றின் பின்பக்கத்தில் நாவல் எழுதினாள். முன்னால் ஒரு பிள்ளையின் 'கோடை விடுமுறை'. பின்னால் அவளுடைய மூன்றாம் அத்தியாயம்.

காப்பகத்தில் ஒப்படைப்பு விழா நடந்தது. பெட்டியை மாலை போட்டு எடை பார்த்தார்கள். அவர்கள் தராசின் முத்திரை காலாவதியாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. விழா என்பதால் நான் வாய் திறக்கவில்லை. பிறகு இயக்குநர் பேசினார்.

"படிக்கிறவங்க எங்கேயும் இருக்காங்க. பாதுகாக்கிறவங்க நாங்க மட்டும்தான். இந்த நிறுவனம் தொடங்கி இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. இதுவரைக்கும் ஒரே ஒரு ஆவணத்தைக்கூட நாங்க படிச்சுக் கெடுத்ததில்லை!"

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

எட்டு மாதம் கழித்து அட்டவணைப் புத்தகம் தபாலில் வந்தது. வழவழப்பான தாள், தங்கையின் படம், கீழே அறிமுகம். அதை அப்படியே எடுத்து எழுதுகிறேன்:

'இப்படைப்பாளர் இருநூற்றுப் பதினொரு புனைபெயர்களில் எழுதியுள்ளார். பெயரில்லாத படைப்பு ஒன்று. நாய், தபால்காரர், மழைக்காலம், கோடை விடுமுறை ஆகிய பொருள்களில் தீராத ஈடுபாடு கொண்டவர். ஒவ்வொரு புனைபெயருக்கும் தனிக் கையெழுத்தை உருவாக்கிக்கொண்டது உலக இலக்கியத்தில் காணக் கிடைக்காதது. பிழைகள் யாவும் திட்டமிட்டவை. சிவப்பு மையால் தன்னைத் தானே இரக்கமின்றித் திருத்திக்கொண்டார். தன் எந்தப் படைப்புக்கும் பத்துக்கு ஏழுக்கு மேல் அவர் வழங்கியதில்லை.'

கடைசியில் சிறிய எழுத்தில், 'பின்பக்கம்: எழுத்து உள்ளது' என்றிருந்தது.

கூடவே ஓர் அழைப்பிதழ். இருபத்தொன்றாம் தேதி நிரந்தரக் கூடம் திறப்பு விழா. தாள்கள் அனைத்தும் மரப்பலகையில் 'என்றென்றைக்கும் பிரிக்க இயலாதவாறு' ஒட்டப்பட்டுக் காட்சிக்கு வைக்கப்படும்.

மறுநாள் காலை சட்டைக்குக் கஞ்சி போட்டு உடுத்திக்கொண்டு போனேன். அட்டவணை அதிகாரியின் அறை மூன்றாம் மாடியில். மேசையில் ஒரு துளி தூசி இல்லை. அவர் மெல்லிய துணிக் கையுறை போட்டுக்கொண்டு பிஸ்கட் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இது பிள்ளைங்க எழுதின கட்டுரைங்க. நாவல் பின்னால இருக்கு" என்றேன்.

"எதுக்குப் பின்னால சார்?"

"தாளுக்குப் பின்னால."

அவர் விதிப் புத்தகத்தை எடுத்தார். பக்கம் தேட வேண்டியிருக்கவில்லை. புத்தகம் தானாகவே அங்கே திறந்துகொண்டது. "விதி பதினாலு. ஒரு தாளுக்கு ஒரு முன்பக்கம்தான். தலைப்பு, தேதி, எண், இந்த மூணும் எங்க இருக்கோ அது முன்பக்கம். உங்க தங்கை பின்னால தலைப்பு போட்டிருக்காங்களா?"

"நாவலுக்குப் பக்கத்துக்குப் பக்கம் யாராவது தலைப்பு போடுவாங்களா?"

"அது அவங்க சுதந்திரம் சார். நாங்க தலையிடறதில்லை."

"ஒரே ஒரு தாளைத் திருப்பிப் பாருங்களேன்."

"திருப்பினா அது முன்பக்கம் ஆயிடுமே. அப்புறம் இருநூத்திப் பன்னிரண்டு சீட்டையும் மாத்தி எழுதணும். நான் வர்ற மார்ச்ல ஓய்வு பெறுறேன் சார்."

"சரி, பிரதியாவது எடுத்துக்கறேன்."

"தாராளமா! அட்டவணையில ஏறின பக்கத்தை எத்தனை பிரதி வேணும்னாலும் எடுத்துக்கலாம்."

மூன்று விண்ணப்பம் எழுதிக் கொடுத்து வாசிப்பறைக்கு அனுமதி வாங்கினேன். பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு பென்சிலும் கையுறையும் கொடுத்தார்கள். தாள்களைப் பார்க்கலாம், திருப்பக் கூடாது. திருப்புகிறேனா என்று பார்க்க ஓர் ஊழியர் எதிரில் உட்கார்ந்திருந்தார். நான் திருப்பவில்லை. ஆனால் மின்விசிறிக்கு விதி தெரியாது. அவர்கள் அட்டவணை வரிசைப்படி மேலே இருந்த தாளைத் தூக்கிக் கவிழ்த்துப் போட்டது. ஊழியர் எழுந்து வருவதற்குள் நான் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டேன். என் தங்கையின் கையெழுத்து அப்படி, வேகமாகப் படிக்கலாம். வலது மூலையில் நூற்று நாற்பத்தேழு.

அதில் ஓர் அண்ணன் வருகிறார். வாசல் கதவருகே நின்று, பெண் கேட்டு வந்த ஓவிய ஆசிரியரிடம், "அவளுக்கு இதுல விருப்பமில்லை" என்கிறார். அவளிடம் அவர் கேட்கவே இல்லை. வந்தவரின் குடும்பம் நம் குடும்பத்துக்கு ஈடில்லை என்பது அவர் முடிவு. உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்த தங்கைக்கு எல்லாம் கேட்கிறது. அடுத்து அவள் இப்படி எழுதியிருந்தாள்: 'அண்ணனுக்குப் பொய் சொல்லி வழக்கமில்லை. அதனால் அன்று அவர் சொன்னது உண்மையைப் போலவே இருந்தது. எனக்கே ஒரு நிமிடம் விருப்பமில்லையோ என்று தோன்றியது.'

கையுறையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அந்த ஓவிய ஆசிரியர் வந்த மாலை எனக்கு நினைவிருக்கிறது. அவள் அப்போது பின்கட்டில் இருந்தாள் என்று நான் முப்பத்துநான்கு வருடம் நம்பியிருந்தேன். அவள் ஒரு நாளும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அதற்குப் பிறகு அந்தப் பேச்சே எடுக்காமல் தனியாகவே இருந்துவிட்டாள். இலக்கியத்துக்காக என்று நான் உறவினர்களிடம் சொல்லி வந்தேன்.

இருபத்தொன்றாம் தேதி நூற்று நாற்பத்தேழாம் பக்கம் பலகையோடு போய்விடும். நான் எதுவும் செய்ய வேண்டியதில்லை. அழைப்பிதழில் நேரம் பார்த்து, முன்வரிசையில் உட்கார்ந்து, கை தட்டினால் போதும். ஒரு குடும்பத்தின் மானத்தை அரசாங்கமே பசை போட்டுக் காப்பாற்றித் தருவது எல்லோருக்கும் கிடைக்கிற பாக்கியமில்லை. இரண்டு நாள் சும்மா இருந்தேன்.

மூன்றாம் நாள் கணக்குப் பார்த்தேன். அந்த ஒரு பக்கத்தை மறைக்க வேண்டுமென்றால் கூடவே இருநூற்றுப் பதினொரு பக்கத்தையும் புதைக்க வேண்டும். அது எடைக்குச் சரியாக வரவில்லை. இயக்குநரைப் பார்க்கப் போனேன்.

அவர் என்னை நிற்க வைத்துப் பேசவில்லை. உட்கார வைத்து நீண்ட நேரம் பேசினார்.

"சார், உங்க வேதனை எனக்குப் புரியுது. ஆனா புனைபெயர்னு நாங்க முடிவு பண்ணிட்டோம். அதை வச்சு மூணு பேர் ஆய்வுக் கட்டுரை எழுதி, ஒருத்தருக்குப் பதவி உயர்வே வந்தாச்சு. இப்ப போய் அது நிஜப் பேருன்னு சொன்னா அவரைக் கீழ இறக்கணும். ஒரு நிறுவனம் தப்பு பண்ணலாம். திருத்திக்கிட்டா மரியாதை என்ன ஆகும்? நாலு பேர், அப்ப மத்ததும் தப்பா இருக்குமோன்னு யோசிக்க ஆரம்பிச்சுடுவாங்க."

"மத்ததும் தப்பா?"

"அதை நாங்க பார்த்ததில்லை சார். பார்க்கிறது எங்க வேலை இல்லை."

நான் எழுந்திருக்கவில்லை. நான் எழுந்திருக்க மாட்டேன் என்று தெரிந்ததும் அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஒண்ணு பண்ணுங்க. விதி முப்பத்தொண்ணு. ஆவணம் தன்னோடதுன்னு ஒருத்தர் நேர்ல வந்து, எழுதிக் காட்டி, கையெழுத்துப் போட்டா திருப்பிக் கொடுத்துடலாம். ஒவ்வொருத்தரையா வரச் சொல்லுங்க. என் சர்வீஸ்ல புனைபெயர் நடந்து வந்து நான் பார்த்ததில்லை."

எங்கள் தெருக்கோடியில் கடிகாரம் பழுதுபார்ப்பவர் ஒருவர் இருக்கிறார். தங்கையிடம் படித்தவர். கண்ணில் மாட்டியிருந்த பூதக்கண்ணாடியைக் கழற்றாமலே நான் சொன்னதைக் கேட்டார்.

"ஐயா, நான் புனைபெயரா?"

"அட்டவணையில அறுபத்திரண்டாவது புனைபெயர்."

"பொண்டாட்டி ரொம்ப நாளா நீ ஒரு ஆளே இல்லைன்னு சொல்லிட்டு இருக்கா. இப்ப எழுத்துல வந்துடுச்சா?" என்றவர், கைபேசியை எடுத்தார். அவர்கள் பள்ளியில் படித்தவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. அட்டவணையிலிருந்த பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தார். அன்று மதியத்துக்குள் நாற்பது புனைபெயர்கள் பதில் போட்டுவிட்டன. ஒரு புனைபெயர், வரும்போது சாப்பாடு உண்டா என்று கேட்டது.

அடுத்த இரண்டு வாரம் காப்பகத்தின் படிகளில் வரிசை நின்றது. பேருந்து ஓட்டுநர், செவிலியர், பல் மருத்துவர், லாரி பட்டறைக்காரர், ஒரு காவல் ஆய்வாளர். காப்பகத்துக்கு அத்தனை பேர் வந்தது அதுவே முதல் தடவை. வாசல் காவலர் பயந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டார். காவல் ஆய்வாளர்தான் திறக்கச் சொன்னார்.

ஒவ்வொருவரும் கட்டுரையின் முதல் நான்கு வரியை எழுதிக் காட்ட வேண்டும். பல் மருத்துவர் பிழையில்லாமல் எழுதியதால் அட்டவணை அதிகாரி ஏற்கவில்லை.

"மூலத்துல மூணு தப்பு இருக்கு. நீங்க ஒண்ணுகூட பண்ணலையே?"

"அப்புறம் கத்துக்கிட்டேங்க. டீச்சர் அடிச்சுத் திருத்தினாங்களே."

"அதெல்லாம் ஒத்துவராது. அன்னிக்கு எப்படி இருந்தீங்களோ அப்படி வாங்க."

மருத்துவர் மறுநாள் தவறாக எழுதப் பழகிக்கொண்டு வந்தார்.

தாள் கையில் கிடைத்ததும் நேரே என் வீட்டுக்கு வருவார்கள். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நான் பின்பக்கத்தைப் பிரதி எடுப்பேன். அவர்கள் எதிரில் உட்கார்ந்து முன்பக்கத்தைப் பற்றிச் சண்டை போடுவார்கள்.

"எனக்கு நாலு, இவளுக்கு ஆறு. பாருங்க ஐயா, ரெண்டும் ஒரே நாய். ஒரே நாய்க்கு எப்படி ரெண்டு மார்க் வித்தியாசம் வரும்?"

"உன் நாய்க்கு வாலே இல்லையேடா. நீ எழுத மறந்துட்ட."

"நாய்னா வால் இருக்கும்னு டீச்சருக்குத் தெரியாதா?"

பேருந்து ஓட்டுநர் மட்டும் தாளைத் திருப்பி, பின்பக்கத்தைப் படிக்கலாமா என்று கேட்டார். படித்துவிட்டு, "இதுல அந்த அண்ணன்காரர் பெரிய முசுடா இருப்பார் போலயே" என்றார். நூற்று இருபதாம் பக்கம் அது. நான் தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தேன்.

பத்தொன்பதாம் தேதி மாலைக்குள் இருநூற்றுப் பதினொரு பக்கமும் பிரதி ஆகிவிட்டது. மிச்சம் ஒன்று. பெயரில்லாத தாள், மூலையில் முப்பத்தெட்டு என்று வரிசை எண் மட்டும் எழுதியிருந்த தாள். எந்த வருடம் என்றுகூடத் தெரியவில்லை. பல வகுப்பு முப்பத்தெட்டாம் எண்காரர்களை விசாரித்தாயிற்று. யாருடையதும் இல்லை. அதன் பின்பக்கம்தான் நூற்று நாற்பத்தேழு.

பிரதியில் அந்த இடம் இப்படி இருந்தது. நூற்று நாற்பத்தாறு, 'அன்று மாலை அண்ணன் வாசல் கதவருகே நின்றுகொண்டு' என்று முடிந்தது. நூற்று நாற்பத்தெட்டு, 'பிறகு உள்ளே வந்து குடிக்கத் தண்ணீர் கேட்டார்' என்று தொடங்கியது.

கடிகாரக்காரர் இரண்டையும் படித்தார். "நடுவுல என்ன சொன்னார்னே தெரியலையே ஐயா. கதையே அங்கதானே இருக்கு?" சற்று யோசித்துவிட்டு, "நீங்கதான் கூடப் பிறந்தவர். அந்த ஒரு பக்கத்தை நீங்களே எழுதிச் சேர்த்துடுங்களேன். யாருக்குத் தெரியப் போகுது?" என்றார்.

அவர் போன பிறகு எழுதிப் பார்த்தேன். என் பக்கத்தில் அண்ணன் மிகுந்த பண்போடு நடந்துகொண்டார். வந்தவரை உட்கார வைத்தார். தங்கையின் உடல்நிலை, எதிர்காலம், எழுத்து எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னார். வந்தவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். மூன்று பக்கம் வந்துவிட்டது. இன்னும் அண்ணன் நல்லவர் ஆகவில்லை. அவற்றைக் கிழித்துப் போட்டேன்.

மறுநாள் காலை காப்பகத்துக்குப் போனபோது கூடம் தயாராகியிருந்தது. இருநூற்றுப் பதினொரு வெற்றுப் பலகைகளை வரிசையாக மாட்டி, 'படைப்பாளரின் மௌனப் பருவம்' என்று எழுதி வைத்திருந்தார்கள். நடுவில் ஒரு பலகைக்குத் தனி விளக்கு. அதன் கீழே பசைக் கிண்ணமும் தூரிகையும். முப்பத்தெட்டாம் எண் தாள் அதற்குத்தான்.

அட்டவணை அதிகாரியிடம், "அந்தத் தாள் என்னோடது" என்றேன்.

அவர் கையுறையைச் சரிசெய்துகொண்டார். "நீங்க டீச்சரோட அண்ணன்தானே சார்?"

"ஆமாம்."

"எத்தனை வயசு மூத்தவர்?"

"ஒன்பது."

"அப்ப அவங்ககிட்ட எப்பப் படிச்சீங்க?"

"கொஞ்சம் தாமதமாத்தான்."

படிவத்தை மேலும் கீழும் பார்த்தார். வயதுக்கு அதில் கட்டம் இல்லை. கட்டம் இல்லாத ஒன்றைக் கேட்டுவிட்டதற்காக என்னிடம் வருத்தம் தெரிவித்தார். பிறகு எழுதிக் காட்டச் சொன்னார். தாளைப் பார்த்து எழுதினேன்: 'மழை பெய்யும். மழை பெய்தால் நனையும். மழை நின்றால் வெயில் அடிக்கும். வெயில் அடித்தால் காயும்.' அவ்வளவுதான் கட்டுரை. பத்துக்கு இரண்டு. எங்கள் குடும்பத்தில் இதற்கு முன் யாரும் பத்துக்கு இரண்டு வாங்கியதில்லை. எண்பது வயதுக் கையும் பன்னிரண்டு வயதுக் கையும் ஒரே மாதிரிதான் நடுங்கும் போலிருக்கிறது. ஒப்பிட்டுப் பார்த்து அவர் திருப்தி அடைந்தார்.

'மேற்கண்டதை எழுதியவன் நானே' என்ற இடத்தில் பென்சிலால் கையெழுத்துப் போட்டேன். என் வாழ்நாளில் நான் கையெழுத்துப் போட்ட முதல் குறை எடை அது.

தாளைக் கொடுக்கக் கை நீட்டியவர் திரும்ப இழுத்துக்கொண்டார். "ஆவணம் முழுமையா இல்லையே சார். இங்க பாருங்க." கீழே சிவப்பு மையில் என் தங்கையின் எழுத்து: 'முயற்சி போதாது. வீட்டுப் பெரியவரிடம் கையெழுத்து வாங்கி வரவும்.'

"வாங்கலை. முழுமை இல்லாத ஆவணத்தை வெளிய விட முடியாது. உங்க வீட்ல பெரியவர் யாரு?"

"நான்தான்."

"நீங்க மாணவர் இல்லையா?"

"அதுவும் நான்தான்."

விதிப் புத்தகத்தில் தேடினார். ஒருவரே இரண்டாகவும் இருக்கக் கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. ஆனால் பெரியவர் பென்சிலால் கையெழுத்திட்டால் செல்லாது. மைக்கு அனுமதி வாங்க இயக்குநரிடம் போனார். இயக்குநரே பேனாவோடு வந்தார். தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பத்துக்கு இரண்டு வாங்கியவர் நான் என்று தெரிந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ரெண்டு மார்க்குக்காக மனசு உடைஞ்சுடாதீங்க சார். நல்ல குடும்பத்துலயும் இப்படி ஒருத்தர் இருப்பாங்க."

"இருக்காங்க" என்றேன்.

சிவப்பு எழுத்துக்குக் கீழே முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்திட்டேன். தேதி போடட்டுமா என்று கேட்டேன். தாமதத்துக்கு அபராதம் வரும், வேண்டாம் என்றார்கள்.

வீட்டுக்கு வந்து தாளைத் திருப்பினேன். பழைய காகிதம், மை ஊறி மறுபக்கம் வந்துவிட்டது. அண்ணன் சொன்ன அந்தப் பொய்யின் மேல் என் கையெழுத்து இடம் வலமாகத் திரும்பிக் கிடந்தது. அதனால் ஒரு சொல்லும் மறையவில்லை. நூற்று நாற்பத்தேழாம் பக்கத்தை ஓர் எழுத்து மாற்றாமல் பிரதி எடுத்து, அதன் இடத்தில் வைத்தேன்.